கண்களை மூடுவோம்

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும் என்று சபையில் எல்லோருக்கும் தெரியும். அதனால் நான் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துவிட்டுத்தான் காதில் வாங்குவார்கள். நீங்கள் கழிக்க வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்கள் சபையில் ஜெபம் என்றால் கண்ணை மூட வேண்டும். எல்லாச் சபையிலும் அப்படித்தானே என்பீர்கள். மற்ற இடங்களில் மூடுவார்கள், அவ்வளவுதான். எங்களிடம் அது சட்டம். ஜெபத்துக்கு மூட வேண்டும், விசுவாச அறிக்கைக்கு மூட வேண்டும், ஆசீர்வாதத்துக்கு மூட வேண்டும். போதகரும் மூடிக்கொண்டு அத்தனையையும் மனப்பாடமாகச் சொல்வார். புத்தகத்தைப் பார்த்துப் படிக்கிற போதகரை எங்கள் ஆட்கள் ஒரு பொருட்டாக மதிக்க மாட்டார்கள். சபையை ஆரம்பித்த பெரியவர் அப்படித்தான் செய்தாராம். அந்தப் பெரியவருக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது என்று என் அப்பா வீட்டுக்குள் மட்டும் சொல்வார். அவருக்கு மூடினாலும் ஒன்று, திறந்தாலும் ஒன்று. மற்றவர்கள் ஏன் மூடினார்கள் என்று நூறு வருடமாக ஒருவரும் கேட்கவில்லை.

இந்தச் சட்டத்துக்குக் காவல்காரர் சபையின் செயலாளர். பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாயைத் திறந்தால் 'நம்ம வழக்கத்துல அது இல்லையே' என்றுதான் ஆரம்பிப்பார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'வழக்கம்'. வழக்கம் வந்தாரா, வழக்கத்துக்கு உடம்பு சரியில்லையாமே என்றெல்லாம் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வோம். ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்றுகொண்டு, இன்றைக்கு யார் யார் கண்ணைத் திறந்தார்கள் என்று பெற்றோரிடம் விவரமாகச் சொல்லி அனுப்புவார். அவர் சொன்னது ஒருநாளும் தப்பாகப் போனதில்லை.

கெட்ட மனிதர் என்றால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். அப்படியும் சொல்ல முடியாது. முப்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் வந்து கதவைத் திறந்து, பெஞ்சுகளைத் தன் கையால் துடைக்கிறவர். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று நாள் கூடவே உட்கார்ந்திருந்தவர். அதுதான் எனக்கு எரிச்சல். இப்படிப்பட்டவர்களை முழுசாகத் திட்டித் தீர்க்கவும் முடிவதில்லை.

என் தம்பிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பேச்சும் வரவில்லை. என்னைவிட ஏழு வயது இளையவன். கார் பட்டறையில் டிங்கர் வேலை. நசுங்கிய கதவையும் பானெட்டையும் தட்டி நேராக்குவான். கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தை உள்ளங்கையால் தடவியே கண்டுபிடித்துவிடுவான். அவன் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டினால்தான் பெயின்டர் அந்த வண்டியில் கை வைப்பார்.

அவனுக்குக் கண்தான் காது. இது ஒரு பெரிய கண்டுபிடிப்பா? சின்னப் பிள்ளைக்கும் புரியும். எங்களுக்குப் புரியவில்லை. அவனைக் கோயிலுக்குக் கூட்டிப்போக ஆரம்பித்த நாளிலிருந்து, ஜெபம் என்றதும் அவன் கண்ணை மூடவைப்பது என் பொறுப்பு என்று அம்மா சொல்லிவிட்டாள். இரண்டு விரலை என் இமை மேல் வைத்து மேலிருந்து கீழாக இழுத்துக் காட்டுவேன். 'கண்ணை மூடு' என்பதற்கு எங்கள் வீட்டுச் சைகை அது. அவன் மூடாவிட்டால் தொடையில் கிள்ளுவேன். அந்தத் தொடையில் என் நகம் படாத இடம் இருக்காது. நான் கடவுளுக்கு ஊழியம் செய்வதாகத்தான் நினைத்தேன். ஒரு பிள்ளையின் காதைப் பொத்திவிட்டு, கவனமாகக் கேள் என்று கிள்ளியிருக்கிறேன்.

அவனுக்குப் பதினைந்து வயதானபோது மற்றப் பிள்ளைகளோடு திடப்படுத்தலுக்குப் பெயர் கொடுத்தோம். அதைப் பெற்றால்தான் திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் கொடுப்பார்கள். அப்போதிருந்த போதகர் அம்மாவைக் கூப்பிட்டு, பையன் விசுவாச அறிக்கையை வாயால் சொல்ல வேண்டுமே, சொல்ல முடியாதவனுக்கு எப்படிக் கொடுப்பது, ஆண்டவருக்கு அவன் மனசு தெரியும் என்றார். ஆண்டவருக்குத் தெரிந்தது போதகருக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்க அம்மாவுக்கு வாய் வரவில்லை. தலையாட்டிவிட்டு வந்து, சமையலறையில் நின்று அழுதாள்.

அன்றிலிருந்து திருவிருந்து நேரத்தில் எங்கள் வரிசை எழுந்து முன்னால் போகும். அவன் மட்டும் பெஞ்சில் இருப்பான். முதல் தடவை அம்மா தன் கைப்பையை அவன் மடியில் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த வாரம் பக்கத்தில் இருந்தவளும் வைத்தாள். பிறகு வரிசை முழுக்க வைத்தது. குடை, மூக்குக்கண்ணாடிக் கூடு, சமயத்தில் கைக்குழந்தையும். இருபத்தைந்து வருடம். எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று மெச்சிக்கொள்வார்கள். அந்த மெச்சலுக்கு நானும் பல்லைக் காட்டியிருக்கிறேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். நான் கோயிலின் திருவிருந்து மேசைக்கான வெள்ளைத் துணிக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தேன். தம்பி பட்டறையிலிருந்து வந்து, கைக் கறையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தான். தையல் மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினான். அப்படிச் செய்தால் முக்கியமான விஷயம் என்று அர்த்தம். அந்த மேசைக்குத் தான் வரவேண்டும் என்று ஆண்டவர் சொல்கிறார் என்று சைகையில் சொன்னான்.

நான் சிரித்துவிட்டேன். இதைச் சொல்ல இப்போதும் நாக்கூசுகிறது. எப்படிச் சொன்னார், உனக்குத்தான் காது கேட்காதே என்று கேட்டேன். அவன் கோபப்படவில்லை. தன் உள்ளங்கையை விரித்து மெஷின் மேசை மேல் மெதுவாகத் தடவிக் காட்டினான். பட்டறையில் வண்டியைத் தடவுகிறபோது தெரிந்ததாம், ஒரு நாள் அல்ல, பல நாள். பிறகு என்னைப் பார்த்து, உனக்குத்தான் காது கேட்குமே, உன்னிடம் என்ன சொன்னார் என்று கேட்டான்.

எனக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். நாற்பத்தேழு வருடத்தில் ஒரு ஞாயிறு தவறியதில்லை. அவர் என்னிடம் ஒன்றும் சொன்னதாக ஞாபகம் இல்லை. நான் சக்கரத்தை விடச்சொல்லி அவன் கையைத் தட்டிவிட்டேன்.

ஆனால் அவன் விடவில்லை. பட்டறைப் பெயின்டருக்கும் காது கேட்காது. காது கேளாதோர் பள்ளியில் படித்தவர், முறையான சைகை மொழி தெரிந்தவர். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் டிபன் பாக்ஸை ஓரமாக வைத்துவிட்டு, விசுவாச அறிக்கையை வரி வரியாகக் கையில் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பட்டறை முதலாளி வந்து சொன்னார். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. இது அவனுக்கு விளையாட்டு இல்லை. அவனுக்கு அந்த அப்பம் வேண்டும்.

போதகரிடம் போனேன். புதிதாக வந்தவர், ஐம்பது வயசு, சாந்தமானவர், யார் மனசும் நோகக்கூடாது என்பவர். இந்த ரகத்தால்தான் எல்லோர் மனசும் நோகிறது. நல்ல விஷயம்தான், கமிட்டியில் வைக்கிறேன் என்றார். கமிட்டியில் வழக்கம் பேசியதை எல்லாம் சொன்னால் பொழுது போய்விடும். சுருக்கம் இவ்வளவுதான்: வாயால் சொல்லாத அறிக்கை நம் வழக்கத்தில் இல்லை, பீடத்துக்கு முன்னால் கையை ஆட்டுவதும் இல்லை. கடவுள் அவனுக்குச் சொன்னாராம் என்று நான் சொன்னதற்கு, இன்றைக்கு இவனுக்குச் சொன்னார் என்பீர்கள், நாளைக்கு இன்னொருவனுக்கு மேளம் அடிக்கச் சொல்வார், எங்கே போய் நிற்கும் என்று கேட்டார். அவருடைய ஒரே மகன் மேளம் அடிக்கிற ஒரு சபைக்குப் போய்ச் சேர்ந்து எட்டு வருடம் ஆகிறது. அந்தப் புண்ணை அவர் யார் மேலாவது தேய்த்துக்கொண்டே இருப்பார்.

கடைசியில் போதகர் சப்பைக்கட்டு கட்டி ஒரு வழி சொன்னார். தம்பி மற்றவர்களோடு முழங்கால் போட்டு, கண்ணை மூடி, உதட்டை மட்டும் அசைக்கட்டும். பின்னால் இருந்து அக்கா அவனுக்காகச் சொல்லட்டும். வழக்கமும் மென்று விழுங்கிக்கொண்டு சம்மதித்தார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வீட்டுக்கு வந்து தம்பியைத் துணி அளவு பார்க்கிற கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, உதட்டை எப்படி அசைக்க வேண்டும் என்று தினமும் பழக்கினேன். நான்கு நாள் அசைத்தான். ஐந்தாம் நாள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டான். சரி என்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். நாற்பது வருடமாக அவனுடைய சிரிப்புக்கெல்லாம் நானே அர்த்தம் சொல்லிப் பழகிவிட்டேன்.

அந்த ஞாயிறு வந்தது. முன்னால் ஆறு பேர் முழங்கால் போட்டிருந்தார்கள். ஐந்து பேர் மீசை முளைக்காத, தாவணி வயசுப் பிள்ளைகள். ஓரத்தில் நரை விழுந்த என் தம்பி. நான் தைத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். போதகர் கண்களை மூடுவோம் என்றார். மூடினோம். நானும் மூடினேன். அறிக்கையை எல்லோரும் சேர்ந்து சொன்னோம். தம்பிக்கும் சேர்த்து நான் உரக்கவே சொன்னேன், என் குரல் கூரையில் போய் இடித்தது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தேன்.

தம்பி முழங்காலில் இல்லை. எழுந்து, சபையைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தான். இரண்டு கையும் அப்போதுதான் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. முகமெல்லாம் வியர்வை. அவன் உதட்டை அசைத்திருக்கவில்லை. மூன்று மாதமாகப் படித்த அறிக்கை முழுவதையும், முதல் வரியிலிருந்து ஆமென் வரைக்கும், கையால் சொல்லி முடித்திருக்கிறான். முந்நூறு பேர் எதிரில் இருந்தோம். முந்நூறு பேரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தோம்.

போதகர் ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்துக்கொண்டு வந்தார். வழக்கம் பக்கவாட்டுக் கதவிலிருந்து வேகமாக நடந்து வந்து அவர் காதில் ஏதோ சொன்னார். போதகரின் கை ஐந்தாவது தலையோடு நின்றது. தம்பியைப் பார்த்து, போய் உட்கார் என்று பெஞ்சைக் காட்டினார். அவன் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

எங்கள் சபையில் ஆராதனை நடுவில் பெண்கள் எழுந்து பேசியதில்லை. நான் எழுந்தேன். ஏன் விட்டுவிட்டீர்கள் என்று போதகரைக் கேட்டேன். போதகர் வழக்கத்தைப் பார்த்தார்.

"டெய்லரம்மா, உக்காருங்க" என்றார் வழக்கம். "ஒத்துக்கிட்டது ஒண்ணு, செஞ்சது ஒண்ணு. உங்க தம்பி கண்ணையே மூடல. எழுந்து நின்னு, ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் கையை ஆட்டிக்கிட்டே இருந்தான்."

"நீங்க எப்படிப் பாத்தீங்க ஐயா?"

பாடகர் குழுவில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். வழக்கத்தின் முகம் சிவந்தது. முப்பது வருடமாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இவ்வளவு தாமதமாக என் வாயில் வந்தது.

"நாங்க எல்லாரும் மூடியிருந்தோம்" என்றேன். "நீங்க ஒருத்தர்தான் பாத்திருக்கீங்க. ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும்னு உங்க வாயாலயே சொல்லிட்டீங்க. அவன் அறிக்கை சொன்னதுக்கு நீங்கதான் சாட்சி. பதிவு ஆபீஸ்ல இருந்தவரு, உங்களுக்குத் தெரியாததா?"

எனக்கு அந்த இடத்தில் ஜெயித்த மாதிரி இருந்திருக்க வேண்டும். இல்லை. ஏனென்றால் போதகர் என்னைப் பார்த்து, தம்பி கையால் என்னம்மா சொன்னான் என்று மெதுவாகக் கேட்டார். எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. அவனைப் பெற்ற அம்மாவும் பார்க்கவில்லை, அவள் காலமாகிவிட்டாள். எனக்காவது கொடுத்துவைத்திருந்தது, நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தேன். அவனுக்குப் பதிலாக.

போதகர் இன்னொரு தடவை சொல்லட்டும், எல்லோரும் பார்க்கிறோம் என்றார். நான் தம்பியிடம் சைகையில் சொன்னேன். அவன் யோசிக்கவே இல்லை. இரண்டே சைகையில் பதில் சொன்னான். அதை நான் சபைக்கு உரக்கச் சொன்னேன்.

"பாக்க வேண்டியவர் பாத்துட்டார்ங்கிறான்."

போதகர் நெற்றியைத் துடைத்தார். ஆராதனை முடிந்து கமிட்டியில் பேசிக்கொள்ளலாம் என்றார். அதாவது, கைகழுவினார். நான் உட்கார்ந்தேன். இந்தச் சபைக்கு இனி ஒரு முழத் துணிகூடத் தைக்க மாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். என்னென்னவோ சொல்லிக்கொண்டேன்.

திருவிருந்து ஆரம்பித்தது. ஒவ்வொரு வரிசையாக எழுந்து போய் வந்தார்கள். எங்கள் வரிசையின் முறை வந்தது. நான் எழுந்தேன். எழுகிறபோதே என் கை தானாகப் போய், கைப்பையைத் தம்பியின் மடியில் வைத்தது.

அவ்வளவும் பேசிய பிறகு. அத்தனை பேருக்கு முன்னால் அவனுக்காக நியாயம் கேட்ட பிறகு. வழக்கம் என்று ஒருவருக்குப் பெயர் வைத்துச் சிரித்தேனே, அவர் எனக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். என் பின்னால் வந்த நான்கு பெண்களும், ஒன்றுமே நடக்காத மாதிரி, தங்கள் பைகளை வரிசையாக அவன் மடியில் வைத்தார்கள்.

தம்பி பைகளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு என் தோளைத் தொட்டு என்னை மறுபடி பெஞ்சில் உட்காரவைத்தான். ஒரு பை, இரண்டு பை, ஐந்து பையையும் எடுத்து என் மடியில் அடுக்கினான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வரிசையில் நடந்துபோனான்.

போதகர் கண்களை மூடுவோம் என்றார். முந்நூறு பேரும் மூடினார்கள். நான் மூடவில்லை.

பிறந்ததிலிருந்து வந்துபோகிற கோயிலை அன்றைக்குத்தான் ஜெப நேரத்தில் பார்த்தேன். குனிந்த தலைகள். ஒருவருக்கும் பக்கத்தில் இருப்பவர் யார் என்று தெரியாது. பீடத்தின் மரத்தடுப்புக்கு முன்னால் முழங்கால் போட்டிருந்தவர்களில் ஒரு தலை மட்டும் நிமிர்ந்திருந்தது. போதகர் தட்டோடு ஒவ்வொருவராக வந்தார். கொடுக்கிறபோது மட்டும் கண்ணைத் திறந்து, வசனத்தைச் சொல்லி, கையில் வைப்பார். தம்பியிடம் வந்தார். நின்றார்.

தம்பி இரண்டு கையையும் சேர்த்து நீட்டியிருந்தான். எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத கறை ரேகையில் படிந்த கை. கைக்கு மேல் அவன் கண், போதகரின் முகத்தை விட்டு அகலவில்லை. பக்கவாட்டுக் கதவிலிருந்து தொண்டையைச் செருமுகிற சத்தம் வந்தது. போதகர் வசனத்தைச் சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். யாரிடம் சொல்வது? அவர் அப்பத்தைக் காட்டினார். மேலே காட்டினார். பிறகு தம்பியின் நெஞ்சில் விரலை வைத்தார். அது எந்தச் சைகை மொழியிலும் சேராது, வெறும் உளறல். தம்பிக்குப் புரிந்தது. போதகர் அப்பத்தை அவன் உள்ளங்கையில் வைத்தார்.

நான் வழக்கத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மெய்யாகவே, இறுக்கி மூடியிருந்தார். அது வெட்கமா, வீம்பா என்று எனக்குத் தெரியாது. போய்க் கேட்கவும் மாட்டேன்.

தம்பி அப்பத்தை வாயில் போட்டுக்கொண்டான். கிண்ணமும் வந்தது. குடித்தான். எழுந்து திரும்பியபோது முந்நூறு குனிந்த தலைகளுக்கு மேல் என்னைப் பார்த்தான். மடி நிறையப் பைகளோடு, கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு, மூக்கு ஒழுக உட்கார்ந்திருந்தேன். அவன் முகம் மலர்ந்தது. இரண்டு விரலைத் தன் இமை மேல் வைத்து, மேலிருந்து கீழாக இழுத்துக் காட்டினான்.